ஸ்க்ரூ வழுக்கினால் யார் கழற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம் பத்திரிகையில் வந்த இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஈப்போ வாசகர் ஒருவர், மனிதனை விண்வெளிக்கு அனுப்புவது காசைக் கரியாக்கும் வேலை, ரோபோவே போதும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழேயே கிள்ளான் வாசகர் ஒருவர், மனிதன் போகாத இடத்துக்கு இயந்திரம் போனால் அதில் என்ன பெருமை என்று கேட்டிருந்தார். இதை வைத்து பாயான் பாருவில் நாங்கள் பசியாறும் மாமாக் கடையில் பெரிய வாக்குவாதமே நடந்தது, தே தாரிக் ஆறி ஆடை கட்டிய பிறகும் முடியவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: இருவரும் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவர்களாகத் தெரியவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் 31 வருஷம் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தொழிற்பேட்டை 1972ல் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே என் அக்கா அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பிலிருந்து அதன் காலுக்கு ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. அப்புறம் அதையே தானாகச் செய்யும் இயந்திரங்கள் வந்தன. நான் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். அக்காவும் அவருடைய தோழிகளும் ஒரு ஷிப்ட் முழுக்கச் செய்ததை அந்த இயந்திரம் நாம் பசியாறிவிட்டு வருவதற்குள் முடித்துவிடும். கண் எரியாது, கழுத்து வலிக்காது, லீவு கேட்காது. அதனால் ரோபோவின் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே இயந்திரம் விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுவிடும். திரையில் ஓர் எரர் நம்பர் வரும், உண்மையான கோளாறு வேறு எங்கேயோ இருக்கும். ஒரு தடவை ஒரு இயந்திரம் மட்டும் ஒட்டுவதெல்லாம் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன், பார்ட் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, கையேட்டில் இருந்த அத்தனையும் செய்தாகிவிட்டது. கடைசியில் அலுத்துப்போய் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்தபோது கன்னத்தில் சில்லென்று காற்று பட்டது. மேலே ஏர்கான் துவாரத்தை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள், காற்று நேராக அந்த மேஜையில் அடிக்கிறது, கம்பி நுனி உருகி உருண்டையாவதை அது கெடுக்கிறது. ஓர் அட்டையைச் செருகினேன், சரியாகிவிட்டது. அந்த இடத்தில் காற்றைப் பார்க்க எந்த சென்சாரும் கிடையாது, ஏனென்றால் அங்கே காற்று அடிக்கும் என்று வடிவமைத்தவர் யோசிக்கவில்லை. தேடிப் போகாத ஒன்று கண்ணில் படுகிறதே, அதைத்தான் ஈப்போக்காரர் கணக்கில் சேர்க்கவில்லை.

1972 டிசம்பரில் அப்போலோ 17ல் நிலாவுக்குப் போன ஹாரிசன் ஷ்மிட் ஒரு நிலவியல் நிபுணர், அதாவது பாறை படித்தவர். சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத அந்த இடத்தில், தன் காலடி கிளறிவிட்ட மண் ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்துக் கத்தினார். கொண்டுவந்து சோதித்தால் சுமார் 350 கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலை பீய்ச்சியடித்த கண்ணாடி மணிகள். அந்தக் காலத்து ரோபோ ஒன்று அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதே பயணத்தில் இன்னொரு கூத்து. கூடப் போன ஜீன் செர்னனின் சுத்தியல் பட்டு அவர்களுடைய வண்டியின் மட்கார்டு உடைந்துபோனது. மட்கார்டு இல்லாவிட்டால் சக்கரம் வாரியடிக்கும் நிலாத் தூசி ஆள் மேலும் கருவி மேலும் கொட்டும். முதலில் டேப் போட்டு ஒட்டினார்கள், நிற்கவில்லை. மறுநாள் நாலு வரைபடத்தாள்களை டேப்பால் ஒன்றாக ஒட்டி, கலத்துக்குள் விளக்கைப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றி வந்து மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினார்கள். உடைத்ததும் மனிதன்தான், ஒட்டியதும் மனிதன்தான், அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை 2009 மே மாதம் நடந்தது. ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க ஏழு பேர் போனார்கள், அதில் மைக் மாசிமினோ என்பவர் ஒருவர். உள்ளே 2004லிருந்து செத்துக் கிடந்த ஒரு கருவியின் பவர் சப்ளை கார்டை மாற்ற வேண்டும். யாரும் திறக்கப் போவதில்லை என்று நினைத்து மூடியது, மூடியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொடி ஸ்க்ரூக்கள். அதற்கென்றே தனியாகக் கருவி செய்து, வருஷக்கணக்கில் பழகிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் மூடிக்கு முன்னால் ஒரு கைப்பிடி குறுக்கே இருந்தது, அதை நாலே நாலு ஸ்க்ரூ பிடித்திருந்தது, அதில் ஒன்றுக்குத் தலை வழுக்கிவிட்டது. இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வயிற்றில் என்ன நடக்கும் என்று. பொடி ஸ்க்ரூ நூற்றுக்கும் தயாராகப் போனவர் ஒரு சாதாரண ஸ்க்ரூவிடம் மாட்டிக்கொண்டார். கீழே பொறியாளர்கள் அதே மாதிரிக் கைப்பிடியைத் தரையில் இழுத்துப் பார்த்து எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கெடுத்தார்கள், பிறகு டேப் சுற்றிவிட்டுப் பிடுங்கச் சொன்னார்கள். மனிதர் பிடுங்கினார், வந்துவிட்டது. கோடிக்கணக்கில் விலையுள்ள தொலைநோக்கி, ரிப்பேர் முறை நம் ஊர் மோட்டார் பட்டறை முறை.

ரோபோவுக்கு இந்த மாதிரி நிலைமை வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தில், மண்ணுக்குள் 5 மீட்டர் தானாகத் துளைத்துப் போய் வெப்பத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். அங்கேயிருந்த மண் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, அது நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அழுத்தினார்கள், மேலே அழுத்தினார்கள், மண்ணை வாரிப் போட்டார்கள், ஏறக்குறைய இரண்டு வருஷம் போராடி 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த எங்கள் பாட்டியாக இருந்தால் வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வேலையை முடித்திருப்பார்.

சரி, இவ்வளவு சொன்னதால் நான் கிள்ளான்காரர் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். இனிமேல்தான் பில் வருகிறது.

ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பி வரும் அமெரிக்க ஷட்டில் விண்கலம் மொத்தம் 135 முறை பறந்தது. திட்டத்தின் முழுச் செலவு 200 பில்லியன் டாலர் அளவில் வரும். வகுத்துப் பாருங்கள், ஒரு பயணத்துக்கு 1.5 பில்லியன் டாலர். ஹப்பிளைப் பழுதுபார்க்க அதில் ஐந்து முறை ஆள் போய் வந்தார்கள். என் கம்பெனியில் ஒரு பார்ட் மாற்றுவதற்கு இயந்திரத்தின் விலைக்குப் பக்கத்தில் நான் செலவு வைத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதுவும் ஹப்பிள் இருப்பது தலைக்கு மேலே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டரில்தான், பினாங்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் தூரத்தைவிடக் குறைவு. இப்போதைய ஆர்ட்டெமிஸ் நிலாத் திட்டத்தில் முதல் நாலு பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் 4.1 பில்லியன் டாலர் ஆகும் என்று நாசாவின் சொந்த ஆடிட்டரே 2022ல் சொல்லிவிட்டார். அதே நாசா பெர்சிவரன்ஸ் வண்டியைச் செவ்வாய்க்கு அனுப்பி ஓட்டுவதற்குப் போட்ட மொத்தக் கணக்கு 2.7 பில்லியன்தான். ஒரு ராக்கெட் கிளம்பும் செலவில் ஒரு செவ்வாய் வண்டி போக மீதியும் இருக்கும்.

இன்னொரு பக்கம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பாருங்கள், 10 பில்லியன் டாலர், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கெட்டுப்போனால் ஆள் அனுப்பவே முடியாது என்று தெரிந்தே செய்தார்கள். சொதப்பினால் அத்தோடு போச்சு என்கிற மாதிரி 344 இடங்கள் அதில் இருந்ததாம், ஒன்றுகூடச் சொதப்பவில்லை. ஆள் போக முடியாது என்று தெரிந்தால் செய்கிறவனுக்கு ஒரு பயம் வருகிறது, அந்தப் பயம் நல்லது. வாயேஜர் 1 விண்கலம் அதற்கும் மேலே. 1977ல் கிளம்பியது, 2023 நவம்பரில் புரியாத குப்பையாக அனுப்ப ஆரம்பித்தது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில், ஒரு செய்தி போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல். மெமரி சிப் ஒன்று செத்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதிலிருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக வேறு இடங்களில் கொண்டுபோய் வைத்து, 2024 ஏப்ரலில் சரிசெய்துவிட்டார்கள். என் 31 வருஷத்தில் இப்படி ஒரு ரிப்பேரை நான் பார்த்ததில்லை. கன்னத்தில் காற்றுப் படாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் என் ஏர்கான் கதையை வைத்து நான் ரொம்பவும் பீற்றிக்கொள்ள முடியாது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று இருக்கிறது. ரோபோ தோற்கலாம். 2019 செப்டம்பரில் சந்திரயான் 2ன் விக்ரம் கலம் நிலாவில் மோதி நொறுங்கியபோது அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் அவர்கள் கண்கலங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஆனால் எந்த வீட்டிலும் இழவு விழவில்லை. அடுத்து என்ன செய்தார்கள்? எங்கே தப்பு என்று பார்த்தார்கள், கால்களைப் பலமாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்றிருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23ல், நம் நேரம் இரவு எட்டரை தாண்டியபோது, இறங்கிவிட்டார்கள். 2003 பிப்ரவரி 1ல் கொலம்பியா ஷட்டில் சிதறியபோது கல்பனா சாவ்லாவோடு ஏழு பேர் போனார்கள், கிளம்பும்போது கழன்று விழுந்த ஒரு நுரைத்துண்டு இறக்கையில் பட்டதால் வந்த வினை. அதற்குப் பிறகு ஷட்டில் மறுபடி பறக்க இரண்டரை வருஷம் ஆனது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஆட்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமா? ஆழம் பார்க்கக் குச்சி இருக்கும்போது காலை ஏன் விட வேண்டும்?

கிள்ளான்காரர் பெருமை பற்றிக் கேட்டாரே. சந்திரயான் 3 இறங்கிய ராத்திரி என் வீட்டு ஹாலில் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் சோபாமேல் ஏறிக் குதித்தார்கள், அந்தக் கலத்துக்குள் ஆள் யாரும் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். டெக்னீஷியன் மகன் என்று கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது வேறு கதை. அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 2025ல் சுபான்ஷு சுக்லா அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போய் 18 நாள் தங்கி வந்தார் இல்லையா, பயிற்சியெல்லாம் சேர்த்து அதற்குச் சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு சீட், இன்னொரு பக்கம் நிலாவில் இறங்கிய முழுத் திட்டம், விலை கிட்டத்தட்ட ஒன்று. இந்தியா சொந்தக் கலத்தில் ஆள் அனுப்பப் போடும் ககன்யான் திட்டத்துக்கு 20,193 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், ஏறக்குறைய 33 சந்திரயான் 3க்குச் சமம். அது சொந்தமாகக் கற்றுக்கொள்வதற்கான செலவு என்றாவது சொல்லலாம். சீட் வாங்குவதை அப்படிச் சொல்ல முடியாது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2007 அக்டோபர் 10, இரவு 9.22. மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் கிளம்பினார், நோன்பு மாதம், கடையெல்லாம் கூட்டம், எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு அப்போது 11 வயது. நம் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி அறிவியல் நோட்டில் ஒட்டி வைத்தாள், அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புற்றுநோய் செல்களை வைத்து அவர் அங்கே சோதனைகளும் செய்தார். ஆனால் அந்த இடம் நமக்கு எப்படிக் கிடைத்தது? ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானம் வாங்கியதோடு சேர்ந்து வந்தது. சேலை எடுத்தால் பை இலவசம் மாதிரி. பையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த பையை வாங்க நாம் யாரும் கடைக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் இரண்டாவது ஆள் போகவே இல்லை.

இதோடு பலரும் மறந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். 2009 ஜூலையில் நம் ராசாக்சாட் செயற்கைக்கோள் பசிபிக் கடலில் குவாஜலின் தீவிலிருந்து கிளம்பியது. ஏற்றிப் போனது ஃபால்கன் 1. இன்றைக்கு உலகமே பேசும் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி, வாடிக்கையாளருக்காக முதன்முதலாக வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் விட்ட செயற்கைக்கோள் நம்முடையதுதான்! நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும்படி வைத்ததால் ஒரே நாளில் பல தடவை நம் தலைக்கு மேல் வரும், மேகம் விலகுகிற நேரத்தில் படம் எடுக்கலாம், நம் ஊர் வானத்துக்கு ஏற்ற யோசனை. ஒரு வருஷம் போல ஓடிவிட்டு நின்றுவிட்டது. இங்கேதான் எனக்கு ஆற்றாமை. விக்ரம் நொறுங்கியபோது அவர்கள் நாலு வருஷத்தில் மறுபடி போனார்கள். நாம் நின்றுபோன இயந்திரத்தை மூலையில் தள்ளித் துணி போர்த்திவிட்டோம். புகைமூட்டம் வருஷம் தவறினாலும் ஒரு வருஷம் வந்து பிள்ளைகளுக்குப் பள்ளி மூடுகிறோம், சுமத்ராவில் எங்கே எரிகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் சிவப்புப் புள்ளி பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம், அந்தப் புள்ளியை எடுத்துத் தருவது வேறு நாட்டு இயந்திரம்.

இந்தக் காசில் ஏழைக்குச் சோறு போடலாமே என்று மாமாக் கடையில் ஒருவர் கேட்டார். ராக்கெட்டுக்குப் போகாத காசு சோற்றுக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை. அமெரிக்க அரசுச் செலவில் நாசாவுக்குப் போவது அரை சதவீதம்கூட இல்லை. விடுங்கள்.

ரோபோ என்றால் ஏதோ தனியாகப் போய்த் தனியாக வேலை செய்வது மாதிரி ஈப்போக்காரர் எழுதியிருந்தார், அதை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். செவ்வாய்க்குச் செய்தி போக 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகும், அதனால் இங்கிருந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்ட முடியாது. நாளைக்கு எங்கே போக வேண்டும், எந்தக் கல்லைத் தொட வேண்டும் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்து எழுதி அனுப்ப வேண்டும். செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிட 40 நிமிஷம் நீளம். 2004ல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு செவ்வாய் வண்டிகளும் இறங்கியபோது கலிஃபோர்னியாவில் அந்த ஆட்கள் மூன்று மாதத்துக்குச் செவ்வாய் நேரத்தில் வாழ்ந்தார்கள். இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வேலை என்றால் நாளைக்கு எட்டு நாற்பது, ஒரு வாரம் போனால் மத்தியானம், அப்புறம் நடு ராத்திரி. அதற்கென்றே மெதுவாக ஓடும் கைக்கடிகாரம் செய்து கட்டிக்கொண்டார்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்று பாயான் லெப்பாஸில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இவர்களுக்குத் தினமும் ஷிப்ட் மாறியிருக்கிறது. 90 நாளுக்கென்று அனுப்பிய ஆப்பர்சூனிட்டி 2018 வரை 14 வருஷத்தில் 45 கிலோமீட்டர் ஓடியது. அப்போலோ 17 ஆட்கள் மூன்று நாளில் சுமார் 36 கிலோமீட்டர் ஓட்டினார்கள், 110 கிலோ கல்லோடு வந்தார்கள். வேகத்துக்கு மனிதன்தான், மறுக்க முடியாது. ஆனால் அந்த வேகம் வேண்டும் என்று யார் அவசரப்படுகிறார்கள்? செவ்வாய் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆகவே என் ஓட்டு இப்போதைக்கு ரோபோவுக்கு, நம் நாட்டைப் பொறுத்தவரை அதில் கொஞ்சமும் சந்தேகமில்லை. பக்கத்தில், பழுதுபார்க்க ஒரு பொருள் இருக்கிறது, கை வேண்டும் என்றால் ஆளை அனுப்புங்கள், ஆள் போவதற்காக ஒரு வேலையைத் தேடாதீர்கள். நமக்கு ராசாக்சாட் மாதிரி இன்னொன்று வேண்டும், அது நின்றுபோனால் அதற்கடுத்து இன்னொன்று வேண்டும், அதைச் செய்கிற பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் வரட்டும்.

நோட்டில் படம் ஒட்டிய மகள் இப்போது சிப் சோதிக்கும் வேலையில்தான் இருக்கிறாள். நேற்று இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இடம் கிடைத்தால் நான் போவேன்பா" என்கிறாள். போய் என்னம்மா செய்வாய் என்றேன். "ஏதாவது ஒரு ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு கிடக்கும், போய்ப் பார்க்கிறேன்" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்,
பாயான் பாரு, பினாங்கு.